குடில் தக்காளி: மொரிஷியஸில் புதிதாக ஆரம்பிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வாக்வாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத்தில் ஒரு பசுமைக்குடில் இருக்கிறது. எட்டு வருஷமாக அதில் தக்காளி போடுகிறேன். முதல் மூன்று வருஷம் செடிகளைக் கொன்றது பூச்சியும் இல்லை, நோயும் இல்லை, நான்தான். இதைத் தெரியாத்தனமாகக் கோயிலில் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ஏழு கறிப் பந்தியில் உட்கார்ந்தால்கூடப் பக்கத்து இலையிலிருந்து "அக்கா, எங்க வீட்டுத் தக்காளி..." என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஐரோப்பாக்காரர்கள் போடும் வீடியோவைப் பார்த்தோ, ஊரிலிருந்து மாமா போனில் சொன்னதைக் கேட்டோ ஆரம்பித்தவர்கள். பாதிச் சிக்கல் அங்கேயே ஆரம்பிக்கிறது.

இங்கே பனியே விழுவதில்லை. அப்புறம் எதற்குக் குடில்?

மழைக்கு. ஐரோப்பாவில் குடில் என்றால் செடிக்குப் போர்த்திவிடும் கம்பளி, நமக்கு அது குடை. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை இங்கே வெயிலும் மழையும் சேர்ந்து வருகிறது, இலை நனைந்தபடியே இருந்தால் கருகல் நோய் இரண்டே நாளில் ஏறிவிடும், மேலே ஒரு பாலித்தீன் கூரை இருந்தால் அந்தத் தொல்லை பெருமளவு குறையும். அவ்வளவுதான் அதன் வேலை.

புதியவர்கள் செய்கிற முதல் தப்பு, குடிலை நாலு பக்கமும் மூடுவது. நானும் மூடினேன். முதல் ஜனவரியில் காலை பதினொரு மணிக்கு உள்ளே மாட்டியிருந்த வெப்பமானி 43 டிகிரி காட்டியது, நான் அது கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து வேறொன்று வாங்கிவந்தேன், அதுவும் 43 காட்டியது. செடி பச்சைப் பசேலென்று பனைமரம் மாதிரி வளர்ந்தது, ஒரு காய் இல்லை. இப்போது பக்கவாட்டில் வெறும் வலை, கூரையின் உச்சியில் காற்று போக ஒரு நீளத் திறப்பு, கோடையில் மேலே 30 சதவீத நிழல்வலை. சூடான காற்று மேலேதான் போகும், உச்சியில் வழி இல்லாமல் பக்கத்தை மட்டும் திறந்தால் பாதிப் பலன்தான். பூச்சி வராமல் இருக்க மிக நெருக்கமான வலை போடுகிறீர்களா, காற்றோட்டம் குறையும், அதை ஈடுகட்டக் கூரையை உயரமாகப் போடுங்கள்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்கிறார்களே, ஆடியில் விதைக்கலாமா?

அந்தப் பழமொழி பிறந்த ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கிறது, நாம் தெற்கே 20 டிகிரியில் இருக்கிறோம். ஆடி நமக்கு நல்ல குளிர்காலம். மேட்டுப்பகுதியில் இரவில் 13, 14 டிகிரி வரை இறங்கும், அந்தக் குளிரில் பூ சரியாகப் பிஞ்சு பிடிக்காது. மார்ச், ஏப்ரலில் குழித்தட்டில் விதைத்து, நாலைந்து வாரத்தில் நட்டால், சுகமான காலம் முழுக்க அறுவடை பண்ணலாம். குடில் இருக்கிற தைரியத்தில் செப்டம்பரிலும் ஒரு போகம் விதைக்கலாம், கோடையில் வெளித்தோட்டத்துத் தக்காளி மழையில் வீணாகிற நேரத்துக்கு அது கைகொடுக்கும். காவடி விரதம் அந்தச் சமயத்தில்தான் வருகிறது, வீட்டில் பத்து நாள் காய்கறி தவிர வேறு பேச்சில்லை, கடையில் தக்காளி விலையைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இன்னொன்று. வீடியோவில் "தெற்குப் பக்கம் திறந்திருக்க வேண்டும்" என்று சொன்னால் அதை வடக்கு என்று மாற்றிக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் நமக்குச் சூரியன் வடக்கேதான் சாய்ந்து போகிறது.

எந்த ரகம் வாங்குவது?

பெயரைவிட முக்கியம் அது குத்துச்செடியா, கொடியா என்பது. குத்துச்செடி இடுப்பு உயரத்தில் தானாக நின்றுவிடும், எல்லாக் காயையும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் தரும். கொடி ரகம் தலையைக் கிள்ளாதவரை வளர்ந்துகொண்டே போகும். குடிலுக்குக் கொடி ரகம்தான் சரி, உயரம் இருக்கிறது, கயிறு கட்டலாம், மாதக்கணக்கில் பறிக்கலாம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு தம்பி குத்துச்செடி ரகத்தை வாங்கி நட்டு, நான் சொன்ன மாதிரியே பக்கக்கிளை எல்லாவற்றையும் ஒழுங்காகக் கிள்ளி எறிந்தார். குத்துச்செடியில் காய்க்கிறதே அந்தக் கிளைகளில்தான். செடிக்கு மூன்று குலைகூடத் தேறவில்லை. குற்றம் என் மேல்தான், ரகம் என்னவென்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். விதை உறைக்குப் பின்பக்கம் எழுதியிருக்கும், நட்ட பிறகு தேடாதீர்கள்.

கவாத்து செய்யும்போது எதைக் கிள்ளுவது, எதை விடுவது? எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது.

எல்லோரும் தடுமாறுகிற இடம் இது, கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

செடியின் முன்னால் குந்தி உட்காருங்கள். நடுவில் தண்டு. தண்டிலிருந்து ஓர் இலை கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கைக்கும் உடம்புக்கும் நடுவே, அதாவது கக்கத்தில், ஒரு சின்னத் தளிர் எட்டிப்பார்க்கும். அதுதான் கிள்ள வேண்டியது. இங்கே பிரெஞ்சிலும் கிரியோலிலும் அதைக் கூர்மான் என்பார்கள், பெருந்தீனிக்காரன் என்று பொருள், பொருத்தமான பெயர். விட்டுவைத்தால் மூன்று வாரத்தில் தாய்த்தண்டு அளவுக்குப் பருத்து, தனக்கென்று இலை, தனக்கென்று கிளை என்று தனிக்குடித்தனம் போய்விடும்.

பூங்கொத்து கக்கத்தில் வராது. இரண்டு இலைகளுக்கு நடுவே தண்டின் வெற்றுப் பக்கத்திலிருந்து நேராகக் கிளம்பும், இலை இல்லாமல் மொட்டாக இருக்கும். சந்தேகம் வந்தால் இரண்டு நாள் விட்டுப் பாருங்கள், மொட்டு தெரிந்தால் அது பூ. அவசரப்பட்டுப் பூவைக் கிள்ளியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கூர்மான் சுண்டுவிரல் நீளம் வருவதற்குள், ஒரு 5 சென்டிமீட்டருக்குள், கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துப் பக்கவாட்டில் சாய்த்தால் பட்டென்று ஒடிந்து வந்துவிடும். கீழ்நோக்கி இழுத்தால் தண்டின் தோல் நாராக உரியும். வாரத்துக்கு ஒருமுறை போதும், கோடையில் இரண்டு முறை. விரல் பச்சையாகி அப்புறம் கறுத்துப்போகும், சோப்பு போட்டாலும் உடனே போகாது. கவாத்துப் பண்ணிவிட்டு மாவு பிசையப் போகாதீர்கள்.

பத்து நாள் வெளியூர் போய்விட்டேன், கூர்மான் எல்லாம் முழங்கை நீளம் ஆகிவிட்டது. ஒரேயடியாக வெட்டலாமா?

வேண்டாம். ஒரே நாளில் செடியின் பாதியை வெட்டினால் அது அதிர்ந்துபோகும், இலை சுருளும், அதுவரை நிழலில் இருந்த காய் வெயிலில் வெந்து வெள்ளைத் தழும்பு விழும். பெரியதிலிருந்து ஆரம்பித்து, மூன்று நாளைக்கு ஒன்று என்று எடுங்கள். ரொம்பப் பருத்ததாக இருந்தால் அடியோடு வெட்டாமல் நுனியை மட்டும் கிள்ளி இரண்டு இலை விட்டுவையுங்கள், அந்த இலை காய்க்குச் சாப்பாடு போடும். வெட்டிய தளிரைத் தூக்கிப் போட வேண்டாம், தாய்ச்செடிக்கு நோய் எதுவும் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் தண்ணீரில் வையுங்கள், பத்து நாளைக்குள் வேர்விடும், காசில்லாமல் ஒரு நாற்று.

தெரியாமல் நடுத்தலையையே ஒடித்துவிட்டேன். செடி போச்சா?

போகவில்லை. மேலே இருக்கிற கக்கத் தளிர்களில் வலுவான ஒன்றை விட்டுவிடுங்கள், அதுவே தலையாகிவிடும். ஒரு பத்து நாள் பின்தங்கும்.

ஒரு தண்டா, இரண்டு தண்டா?

முதல் வருஷம் ஒரு தண்டு. கணக்கு சுலபம், கிள்ளுவதும் சுலபம். செடிக்குச் செடி 45 முதல் 50 சென்டிமீட்டர் விடுங்கள். இடம் வீணாகிறதே என்று 25 சென்டிமீட்டரில் நட்டவர் வீட்டில் போய்ப் பார்த்தேன், உள்ளே நுழைந்தால் கருவேலங்காட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது, அடியில் காற்றே இல்லை, இலையெல்லாம் சாம்பல் பூசணம். என் குடிலில் 40 செடிதான் வைக்கிறேன், அதற்கே பக்கத்து வீடு, எதிர்வீடு, நாத்தனார் வீடு என்று கொடுத்து மாளவில்லை. பழகின பிறகு இரண்டு தண்டு வேண்டுமானால், முதல் பூங்கொத்துக்கு நேர் கீழே வருகிற கூர்மானை மட்டும் வளரவிட்டு அதற்குத் தனிக் கயிறு கொடுங்கள்.

கயிறு என்றதும் ஒன்று: தண்டைக் கயிற்றில் சுற்றும்போது எல்லாச் செடியையும் ஒரே திசையில் சுற்றுங்கள். இல்லாவிட்டால் பின்னால் செடி உயர்ந்ததும் கயிற்றைத் தளர்த்தி இறக்கிக்கட்டும்போது எது எந்தப் பக்கம் என்று தெரியாமல் தண்டை ஒடிப்பீர்கள். அடியில் முடிச்சை இறுக்கினாலும் தப்பு, தண்டு பருத்ததும் கயிறு அறுத்துவிடும்.

அடி இலைகளை எல்லாம் எடுத்துவிட வேண்டும் என்று வீடியோவில் சொல்கிறார்கள். எவ்வளவு எடுப்பது?

அவர்கள் வெயில் போதாத ஊரில் இருந்து சொல்கிறார்கள். அங்கே காய்க்கு வெளிச்சம் வேண்டும், இங்கே காய்க்கு நிழல் வேண்டும். நான் வைத்திருக்கும் வழக்கம்: மண்ணைத் தொடுகிற இலை எப்போதும் கூடாது. முதல் குலை பழுக்க ஆரம்பித்ததும் அதற்குக் கீழே இருக்கிற இலைகளை வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று என்று எடுக்கலாம். பழுக்காத குலைக்கு மேலே கை வைக்க வேண்டாம். செடியில் எந்த நேரமும் 15 இலையாவது இருக்கட்டும். இலையைப் பாதியில் வெட்டிக் குச்சி மாதிரி விடாதீர்கள், அந்தக் குச்சி அழுகி, அங்கேதான் சாம்பல் நிற அழுகல் பிடிக்கும். தண்டை ஒட்டியே எடுங்கள்.

கத்தரியா, கையா? எப்போது?

சின்னத் தளிருக்குக் கை. பருத்ததற்கும் இலைக்கும் கூரான கத்தரி. காலையில், இலைமேல் ஈரம் காய்ந்த பிறகு செய்தால் அன்று மாலைக்குள் காயம் ஆறிவிடும். மழை நாளில் கவாத்து வேண்டவே வேண்டாம், குடிலுக்குள் இருந்தாலும் அன்று காற்றில் ஈரம் அதிகம்.

கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் அப்புறம் ஸ்பிரிட்டில் துடையுங்கள். சிகரெட் பிடிக்கிறவர்கள், புகையிலை போடுகிறவர்கள் கையைக் கழுவாமல் தக்காளியைத் தொட வேண்டாம், புகையிலைத் தேமல் வைரஸ் அந்தக் கையிலிருந்தே வரலாம். கொழுப்பு நீக்கிய பாலில் விரலை நனைத்துக்கொண்டு கிள்ளுவது பழைய முறை, பாலில் உள்ள புரதம் அந்த வைரஸ் பரவாமல் தடுக்கிறது. எங்கள் வீட்டில் இதைப் பார்த்து மாமியார், "காபிக்குப் பால் இல்லங்கிற, செடிக்கு மட்டும் இருக்கா" என்றார்கள். இப்போது பால்பவுடர்தான்.

நிறையப் பூ வருகிறது, எல்லாம் உதிர்ந்துவிடுகிறது.

பகலில் 32 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் செத்துவிடும், இரவும் புழுக்கமாக இருந்தால் இன்னும் மோசம். முதலில் காற்றோட்டத்தைப் பாருங்கள்.

சூடு சரியாக இருந்தும் உதிர்கிறது என்றால், பூவை யாரும் ஆட்டவில்லை. தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒரே பூவில் இருக்கிறது, ஆனால் மகரந்தம் ஒரு குழாய்க்குள் அடைந்து கிடக்கும், அதிர்ந்தால்தான் கொட்டும். வெளியே காற்று ஆட்டும், குடிலுக்குள் ஆட்ட ஆளில்லை. ஐரோப்பாவில் பெரிய குடில்களில் இதற்கென்றே பம்பிள் தேனீப் பெட்டி வைக்கிறார்கள், நமக்குக் கிடைக்காது, சாதாரணத் தேனீக்கு அந்த மாதிரி அதிரவைக்கத் தெரியாது. பழைய மின் பல்துலக்கி ஒன்றை எடுத்து, பூவை அல்ல, பூங்கொத்தின் காம்பை ஒரு நொடி தொடுங்கள். பத்து மணியிலிருந்து மதியத்துக்குள், ஒருநாள் விட்டு ஒருநாள். நல்ல வெயிலடித்த நாளில் மஞ்சள் தூசி மெல்லிசாகக் கொட்டுவது கண்ணுக்கே தெரியும். மந்தமான நாளில் காற்றில் ஈரம் ஏறி மகரந்தம் ஒட்டிக்கொள்ளும், அன்று ஆட்டியும் பயனில்லை. கருவி இல்லாதவர்கள் கயிற்றை ஒரு தட்டு தட்டினால்கூடப் போதும்.

காயின் அடிப்பக்கம் கறுத்து உள்வாங்குகிறது. என்ன மருந்து அடிப்பது?

எதையும் அடிக்காதீர்கள், இது நோயே இல்லை. காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை. மண்ணில் சத்து இருந்தாலும் அதைத் தூக்கிக்கொண்டு போக ஒழுங்காகத் தண்ணீர் வேண்டும். ஞாயிறு ஒரு வாளி, பிறகு வியாழன் வரை ஒன்றுமில்லை என்று ஊற்றினால் இதுதான் நடக்கும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடலாம், அது கரைந்து வேருக்கு வருவதற்குள் இந்தப் போகம் முடிந்துவிடும். கறுத்த காயைக் கிள்ளிப் போட்டுவிட்டுத் தண்ணீரைச் சீராக்குங்கள், அடுத்த குலை நன்றாக வரும்.

அப்படியானால் எவ்வளவு தண்ணீர்?

நல்ல வெயில் நாளில் வளர்ந்த செடிக்கு ஏறக்குறைய 2 லிட்டர், அதையும் ஒரே தடவையில் இல்லாமல் நாலைந்து முறையாக. பையில் தென்னை நார்க்கழிவு போட்டு வளர்ப்பவர்களுக்குச் சொட்டுநீரும் நேரக்கருவியும் இல்லாமல் கஷ்டம். குளிர் நாளில் பாதிகூட வேண்டாம். மேல் மண் காய்ந்திருக்கிறது என்று பார்த்து ஊற்றாதீர்கள், விரலை இரண்டு கணு உள்ளே விட்டுப் பாருங்கள். காய்ந்து கிடந்த செடிக்குத் திடீரென்று நிறைய ஊற்றினால் பழம் வெடிக்கும். இலைமேல் தெளிப்பது கூடவே கூடாது. மழையைத் தடுக்கக் குடில் கட்டிவிட்டு உள்ளே நாமே மழை பெய்யவைப்பானேன்?

நேற்று வரை நன்றாக இருந்த செடி இன்று பச்சையாகவே வாடிவிட்டது. தண்ணீர் போதவில்லையா?

இந்தக் கேள்வி வந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். தண்ணீரை அள்ளி ஊற்றுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். செடியைத் தரையோடு வெட்டி, அடித்தண்டில் ஒரு விரல் நீளத் துண்டை எடுத்து, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் வைத்து, துண்டின் வெட்டுவாய் தண்ணீரில் படும்படி பிடித்துக்கொள்ளுங்கள். அசைக்காமல் ஐந்து நிமிஷம். வெட்டுவாயிலிருந்து வெள்ளை நூல் மாதிரி, பால் கசிவது மாதிரி இறங்கினால், பாக்டீரியா வாடல். மொரிஷியஸ் மண்ணில் இது பழைய எதிரி.

இதற்கு மருந்து கிடையாது. செடியை வேரோடு, சுற்றியிருக்கிற மண்ணோடு எடுத்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், எருக்குழியில் போடாதீர்கள். அந்தக் கத்தரியையும் மண்வெட்டியையும் அடுத்த செடிக்குக் கொண்டுபோகாதீர்கள், நான் கொண்டுபோனேன், ஒரு வரிசையே போய்விட்டது. அதே இடத்தில் அடுத்து மிளகாய், கத்தரிக்காய், உருளை எதுவும் வேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம்.

தப்பிக்க இரண்டு வழி. ஒன்று, தரை மண்ணை விட்டுவிட்டுப் பைக்கு மாறுவது. இன்னொன்று ஒட்டுச்செடி. தாங்குதிறன் உள்ள கத்தரி வேர்மேல் தக்காளித் தலையை ஒட்டுகிறார்கள், தைவானில் இருக்கும் உலகக் காய்கறி மையம் இதற்கென்று பரிந்துரைக்கும் கத்தரி ரகத்தின் பெயர் இ.ஜி.203. சுண்டைக்காய் வேரிலும் ஒட்டலாம். ஒட்டுச்செடியை நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். சாதாரணத் தக்காளி நாற்றைக் கழுத்துவரை புதைத்தால் வேர் நிறைய விடும் என்று எல்லோருக்கும் தெரியும், அந்த ஞாபகத்தில் இதையும் புதைத்தால் தக்காளித் தண்டு தானே வேர்விட்டு நோயைக் கூட்டிக்கொண்டு வரும், ஒட்டுக்குக் கொடுத்த காசு வீண்.

இலை சுருள்கிறது. வைரஸா?

அடி இலைகள் மேல்நோக்கிக் குழாய் மாதிரி சுருண்டு, தடித்து, ஆனால் பச்சையாக இருந்தால் சூடு, அல்லது நீங்கள் அளவுக்குமீறிக் கிள்ளியிருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம். நுனி இலை சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, கிண்ணம் மாதிரி குவிந்து, செடி வளர்ச்சி நின்றுபோனால் இலைச்சுருள் வைரஸ், வெள்ளை ஈ கொண்டுவருவது. அந்தச் செடியை மனசைக் கல்லாக்கிக்கொண்டு எடுத்துவிடுங்கள். மஞ்சள் ஒட்டும் அட்டையைச் செடியின் தலைமட்டத்தில் தொங்கவிட்டால் ஈ வந்திருப்பது முன்கூட்டியே தெரியும்.

உரம் எவ்வளவு போட்டும் இலைதான் வருகிறது.

போட்டதுதான் காரணம். யூரியாவும் கோழி எருவும் தழைச்சத்து. முதல் குலை பிஞ்சு பிடித்த பிறகு சாம்பல்சத்து (பொட்டாஷ்) அதிகமாக உள்ள உரத்துக்கு மாறுங்கள்.

காய் முற்றிவிட்டது, ஆனால் சிவக்காமல் மஞ்சளாகவே நிற்கிறது.

30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறம் சரியாக ஊறாது. லேசாக நிறம் திரும்பியதும் பறித்து வீட்டுக்குள் நிழலில் வையுங்கள், அழகாகச் சிவக்கும். குளிர்ப்பெட்டியில் வைக்காதீர்கள், ருசி போய்விடும்.

புயல் எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது?

முதல் வகுப்பு எச்சரிக்கை வந்த உடனே வேலையை ஆரம்பியுங்கள், அப்போதுதான் பகல் வெளிச்சத்தில் ஒரு நாளாவது கையில் இருக்கும். இரண்டாம் வகுப்பு வரைக்கும் காத்திருந்தால் நேரம் சுருங்கிவிடும், மூன்றாம் வகுப்பில் நீங்கள் வெளியே நிற்கவே கூடாது. பாலித்தீனைக் கழற்றிச் சுருட்டி உள்ளே வையுங்கள். கழற்ற மனசு வராது, தெரியும். ஆனால் பாலித்தீன் இருந்தால் காற்று அதைப் பாய்மரமாக்கிச் சட்டத்தையே பிடுங்கிக்கொண்டு போகும், இல்லாவிட்டால் காற்று குழாய்களுக்கு நடுவே புகுந்து போய்விடும். அதனால் கட்டும்போதே பாலித்தீனைக் கிளிப்பில் மாட்டுகிற மாதிரி கட்டுங்கள், ஆணி அடித்தால் அந்த நேரத்தில் ஒன்றும் செய்ய முடியாது. கயிற்றை மேல்கம்பியிலிருந்து அவிழ்த்துச் செடிகளை மெதுவாகத் தரையோடு சாய்த்துப் படுக்கவையுங்கள், சில ஒடியும், பல பிழைக்கும்.

2024 பொங்கலன்று பெலால் புயல் வந்ததே, போர்ட் லூயிஸில் கார்கள் வெள்ளத்தில் மிதந்த அன்று, நாங்கள் முந்தின நாளே பாலித்தீனை இறக்கிவிட்டு, முற்றின காயை எல்லாம் பச்சையாகவே பறித்துவிட்டோம். சட்டம் தப்பியது. அடுப்படி முழுக்க நாலு கூடைப் பச்சைத் தக்காளி. பொங்கல் பானைக்குப் பக்கத்தில் அம்மியை வைத்து, பச்சைமிளகாயும் கொஞ்சம் உப்பும் சேர்த்து, மின்சாரம் வரும்வரை சத்தினி அரைத்துக்கொண்டிருந்தேன்.